வெளியே வந்த படம்

இன்று காலை என் செல்போன் நான் கேட்காமலே ஒரு காரியம் செய்தது. ஊட்டியில் நான் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படத்தையும், அதே நாள் எங்கள் ஊர்ப்பக்கம் கரும்புகை எழும்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் பூப் போட்டு, பாட்டும் சேர்த்து, இனிய நினைவுகள் என்று காட்டியது. டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். லேசில் கலங்குகிற ஆளில்லை நான். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களில் பாதி என்னுடையது. கடன் வாங்கி வந்த சொத்தில்லை, என் முதுகு சம்பாதித்தது.

அந்த முதுகு முதலில் சிவகாசி அச்சாபீஸில் காகிதக் கட்டுச் சுமந்தது. ஊர் பார்க்கும் ஆசை அங்கேதான் பிடித்தது. காலண்டருக்கு அச்சடித்துக் கழித்துப்போட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டுவேன். பனிமலை, அருவி, ஏரியில் படகு. ஒரு கலர்மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராமல் விலகின தாள்தானே கழிவில் வரும்? அதனால் எனக்குத் தெரிந்த மலைகளுக்கெல்லாம் இரண்டு உச்சி. மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து அடிக்கும். பின்னால் ஊட்டியில் போய் இறங்கினபோது நான் முதலில் மோந்துதான் பார்த்தேன். வெறும் தைல வாடை. கொஞ்சம் ஏமாற்றந்தான்.

வாடை என்றால் என் தங்கச்சி குருவம்மாவையும் சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் பட்டாசு மருந்து வாடை அடிக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அண்ணன் வேன் முதலாளி, நீ ஏன் இன்னும் கம்பெனிக்குப் போகிறாய் என்று கேட்டால், “உங்க வண்டி உங்களுக்கு, என் கை எனக்கு” என்பாள்.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசல் வாட்ச்மேன் ரூமில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கின கையோடு குருவம்மா வேன் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னைத்தானே ஒரு படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவாள். வெளியே வந்த படம் என்று நாங்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தோம். அது வந்தால்தான் என் வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைப்பாள். மற்றவர்கள் கோயில், குளம், பேரப்பிள்ளை என்று போடுவதற்கெல்லாம் நடுவே, பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி அப்பின முகத்தோடு அது ஒன்று வரும்.

ஊட்டிக்கு நானும் வீட்டுக்காரியும் டூர் பஸ்ஸில் போயிருந்தோம். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிரைமேல் ஏறி, படம் எடுக்கச் சொல்லி, காலையிலேயே குரூப்பில் போட்டேன். வாட்ச்மேன் ரூம் வாசலில் நின்றபடியே பதில் அனுப்பியிருந்தாள் குருவம்மா. குரலாகத்தான், அவளுக்கு எழுத வராது. “அண்ணே, குருதை மொகத்தப் பாருங்க, அது அழுதுக்கிட்டு நிக்கிது. சீக்கிரம் எறங்குங்க.”

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் மலையிறங்கத் தொடங்கினபோது குரூப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் என் வேன் டிரைவர் முனியசாமி, அவனையும் குரூப்பில் சேர்த்திருந்தேன். ஒரு வார்த்தை கிடையாது. பனைமரங்களுக்குப் பின்னால் கரும்புகை. விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். அந்தத் தடத்தில் எனக்குத் தெரியாத மரம் கிடையாது. புகைக்கு இந்தப் பக்கம் தெரிந்த தண்ணீர்த்தொட்டி, குருவம்மா கம்பெனியை ஒட்டினது.

“அங்கன அவ கம்பெனி ஒண்ணுதான் இருக்காக்கும்? பதறாதீக” என்றாள் வீட்டுக்காரி. அவள் குரலே சரியில்லை.

குருவம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டேன், அடித்தது. வாட்ச்மேன் ரூமில் கிடக்கிற போன் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? ஆள் இருக்கிறாளா என்று அது சொல்லாது. முனியசாமி எடுக்கவே இல்லை.

வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப்போய் வந்தது. வரும்போதெல்லாம் யார்யாரோ அனுப்பிய படங்கள் குவியலாக வந்து இறங்கும். எல்லாம் முதலில் கலங்கலாகத்தான் தெரியும், தொட்டால்தான் தெளியும். ஆம்புலன்ஸ். ஒற்றைச் செருப்பு. இடிந்த சுவர். அடுத்த படத்தில் கலங்கலுக்குள்ளேயே ஒரு நீல நிறம் தெரிந்தது. குருவம்மாவின் தூக்குவாளி மூடி நீலம். என் விரல் அதைத் தொட மாட்டேன் என்றது.

வீட்டுக்காரி போனைப் பிடுங்கித் தொட்டுப் பார்த்தாள். நீல மூடிதான். தரையில் கவிழ்ந்து கிடந்தது.

“ஏங்க, தீவாளிக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி எல்லாத்துலயும் இதே வாளியத்தான குடுத்தாக. ஊருல பாதி வீட்டுல நீல மூடிதான்.”

எனக்கும் தெரியும். கொடுத்த வாளிகளை லோடு ஏற்றிப்போனதே என் வண்டி. ஆனாலும் அந்த மூடி அவளுடையதாகவே தெரிந்தது. அவளுடையது இல்லை என்றால் வேறு யாருடையது என்று நினைத்தபோது, அதுவும் நல்லதாக இல்லை.

மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றபோது முனியசாமி எண்ணிலிருந்து இன்னொரு படம். அதையும் வீட்டுக்காரிதான் தொட்டாள். வேன் ஜன்னலோரம் குருவம்மா. தலையெல்லாம் மண். சிரிக்கவில்லை. நான் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெடித்தது பக்கத்துக் கம்பெனி. அன்று வெளியே வராதவர்களின் பெயரைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

குருவம்மா இப்போதும் கம்பெனிக்குத்தான் போகிறாள். படம் மட்டும் போடுவதில்லை. ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

“ஏத்தா, ஒரு படம் போட்டா என்ன? கை வலிக்கிதா?”

“போடுவேன்ணே. ஒரு நா சார்ஜ் இல்லாமப் போட மறந்தா, நீங்க நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருவீக. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?”

அதோடு அவளிடம் படம் கேட்பதை விட்டுவிட்டேன்.

இப்போது சாயங்காலமானால் நான் வேன் வந்து நிற்கும் முக்குரோட்டுக்கு நடக்கிறேன். டீ குடிக்கிற சாக்கில் அங்கே நிற்கிற ஆம்பளைகளில் யாரும் டீயைப் பார்ப்பதில்லை, ரோட்டைத்தான் பார்க்கிறார்கள். வேன் வந்து நின்றதும் குருவம்மா இறங்கி, என்னைப் பார்க்காதவள் போலப் போவாள். குரூப் இருக்கிறது, ஆள்களும் இருக்கிறார்கள். கல்யாணம் என்றாலும் எழுத்தில் வருகிறது, திருச்செந்தூர் போனாலும் எழுத்தில் வருகிறது. அந்த நாளுக்குப் பிறகு யாரும் ஒரு படமும் அனுப்புவதில்லை.