நாக்கில் பூசிய கரி

"கொட்டாவி விடுங்க தம்பி, கூச்சப்படாம விடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா என் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறார். பாடம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேசும்போது அவர் யார் கண்ணையும் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பார். முதல் நாள் உதட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நாலு தடவை துடைத்துக்கொண்டேன்.

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வகுப்பில் பெயரே பல்செட் அக்கா. நகக்கண்ணில் இளஞ்சிவப்பு மெழுகு, பேனாப் பெட்டியில் பேனாவோடு ஒரு சின்ன அரம். இந்த ஆறு வாரக் கோடை மொழியியல் வகுப்புக்கு நாங்களெல்லாம் சான்றிதழுக்கோ பொழுதுபோகவோ வந்தவர்கள். வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரித்து மரம் வரையும் பாடத்தில் அக்கா சுகமாகத் தூங்குவார். எழுப்பினால், "நாக்கு எங்க படுதுன்னு சொல்றப்ப எழுப்புங்க" என்பார், பேராசிரியை காதில் விழும்படியே.

காரணம் இரண்டாம் வாரம் டீக்கடையில்தான் தெரிந்தது. அவர் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசைப் பல் மொத்தமும் போய்விட்டது. அக்காவே பல்செட் செய்து மாட்டினார். கடிக்க, மெல்ல ஒரு குறையும் இல்லை. ஆனால் 'ச' சொன்னால் விசில் அடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மனுஷன் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். கோடை விடுமுறை முடிந்தால் வகுப்புக்குப் போக மாட்டேன், நூலக வேலைக்கு மாற்றுங்கள் என்று விண்ணப்பமும் எழுதி வைத்துவிட்டார். வீட்டில் குழம்பில் உப்பு கம்மி என்பதைக்கூடத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுகிறாராம்.

"இருபது வருஷமா கொஞ்சம் சும்மா இருங்கன்னு கெஞ்சினேன், கேக்கலை. இப்ப வீடே செத்துக் கிடக்கு தம்பி" என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

நாலாம் வாரம் பேராசிரியை ஒரு சோதனை காட்டினார். கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசி ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். நாக்கு பட்ட இடமெல்லாம் மேலண்ணத்தில் கறுப்பாகும், கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அக்கா அன்று தூங்கவில்லை. முப்பது பேர் வாயையும் பார்த்து, முப்பது படம் வரைந்துகொண்டார். பேராசிரியையின் வாயையும் விடவில்லை.

மறுநாள் முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்கெல்லாம் கண்ணாடி வேணும். எங்க வீட்டுக்காரருக்குக் கழட்டினா மேலண்ணமே கையில வந்துடுது!" எங்கள் வாயில் 'ச' சொல்லும்போது நடுவில் கரி படாத வழி ஒரு விரல் அகலம் இருந்தது. அவருடையதில் நூல் அளவு. அந்த இடுக்கில் காற்று பாய்ந்துதான் விசில். நடுப்பகுதி மேடானால் நாக்கு அவ்வளவு மேலே ஏறி ஒட்டாது, வழி அகலும் என்பது அக்காவின் கணக்கு. பல்செட்டின் நடுவில் மெழுகை ஒட்டுவார், தானும் கரி பூசிச் சொல்லிக்காட்டி அவரையும் சொல்லச் சொல்வார், கழற்றிப் பார்ப்பார், சுரண்டுவார். அப்பாவும் அம்மாவும் கறுத்த வாயோடு சாப்பிட உட்காருவதைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டாளாம்.

கடைசி நாள் ஆளுக்கொரு செய்முறை. அக்கா கணவரைக் கூட்டி வந்தார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, விண்ணப்பம் அவர் சட்டைப்பையில். நாக்கில் கரி பூசியாயிற்று. ஒரு சொல் சொன்னால் போதும் என்றார் பேராசிரியை. வாத்தியார் கரும்பலகையோரம் நின்று எங்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அக்கா பெட்டியிலிருந்து அரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ இருவர் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். 

அவர் நிமிர்ந்தார்.

"கடைசி பெஞ்ச், அங்க என்ன சிரிப்பு? சொன்னா எல்லாரும் சேர்ந்து சிரிப்போம்ல?"

விசில் இல்லை. முப்பது பேரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தோம். அக்கா அரத்தைப் பெட்டியில் போட்டு மூடினார். முன்வரிசைப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.