சீலைத் தலையணைகள்

நோர்வேயில் உளச்சிகிச்சை நிலையங்களின் அறைகளை அமைத்துக் கொடுப்பது என் தொழில். அங்கே இரண்டு கதிரைகளை நேருக்கு நேர் போடமாட்டோம். சற்றுச் சரித்துத்தான் போடுவோம். அழ வருகிறவர் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்து அழலாம். செத்தவீட்டில் கட்டிப்பிடித்து அழுகிற ஊரிலிருந்து போன எனக்கு, இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த இடைவெளி பழகவில்லை.

சென்ற ஆண்டு முல்லைத்தீவில், போரில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாருக்காக அப்படியொரு அறை அமைக்கப் போனோம். என்னோடு வந்தவள் இங்ரிட், உளவியலாளர். சுவருக்கு இளம்பச்சை பூசினோம். மெல்லிய திரை போட்டோம். நான் கதிரை வாங்க மாங்குளம் போயிருந்த நாளில், அவள் கடையில் சீலைகள் வாங்கித் தலையணைகள் தைப்பித்து அறை முழுக்க அடுக்கிவிட்டாள். "இங்குள்ள பெண்களுக்குத் தங்கள் வீடு மாதிரி இருக்கும்," என்றாள். எனக்கு வாசலைத் தாண்டிக் கால் வரவில்லை.

கடைசிச் சண்டையில் கடற்கரையில் ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியபோது மண்மூட்டைக்குச் சாக்கு கிடைக்கவில்லை. அம்மா தன் கூறைச்சீலையைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார். சரிகைக் கரை வெயிலில் மின்ன மின்ன நான் மண் அள்ளிப் போட்டேன். இதை இங்ரிட்டிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தலையணைகளை எடுத்துவிடச் சொல்ல வாயெடுப்பதற்குள் பிலோமினா அக்கா வந்துவிட்டார். கடற்றொழில் குடும்பம், ஒரே மகனைத் தேடுகிறவர். அறை எப்படியிருக்கிறதென்று பார்த்துச் சொல்ல நாங்கள்தான் அழைத்திருந்தோம். வந்தவர் நின்றபடியே நின்றார்.

"இருங்கோவன் அக்கா."

"இதுகளை ஆர் தைச்சது?"

பாராட்டுகிறார் என்று நினைத்த இங்ரிட், சிரித்துக்கொண்டு ஒரு சிவப்புத் தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அக்கா அதை அமுக்கிப் பார்த்தார். திரும்பவும் அமுக்கினார்.

"பஞ்சு," என்றார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ரை கலியாணச் சீலையிலையும் தைச்சனாங்கள், பிள்ளை. நான் மண் போட, அவன்தான் பையின்ரை வாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். 'கண்ணுக்கை விழுகுது அம்மா, மெல்லப் போடுங்கோ' எண்டவன். ஷெல் விழேக்கை ஆர் மெல்லப் போடுறது? நான் ஏசிப்போட்டன்."

"எல்லாத்தையும் எடுத்துவிடட்டோ அக்கா?"

"வேண்டாம், கிடக்கட்டும். இந்தக் கதையை நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இங்ரிட் என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மண்ணுக்கும் சீலைக்கும் மகனுக்கும் அவள் மொழியில் எனக்குச் சொல் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லத் தொடங்கினேன். எங்கோ நடுவில் என் அம்மாவின் கூறையும் நான் அள்ளிய மண்ணும் வந்துவிட்டன. இங்ரிட் கண்வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓம் பிள்ளை, ஓம்," என்று நிலத்திலிருந்து பிலோமினா அக்காவின் குரல் வந்தபோதுதான், இவ்வளவு நேரமும் நான் தமிழில் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.