சேக்காட்டுச் சுவரும் அரைக் கிலோ ஆணியும்

ஞாயிற்றுக்கிழமை காலையானால், மோதிரம் போட்ட விரல் சுவரைத் தட்டும் 'டொக் டொக்' சத்தம்தான் எங்களை எழுப்பும். ஆவடி பக்கம் சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை 'போர்ஷ'னின் வீட்டுக்காரர், வாரம் தவறாமல் வந்து, எங்கள் பாயைத் தாண்டி நடந்து, நாலு சுவரையும் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, "செவுரு தாங்காது. ஆணி கீணி அடிச்சே, அன்னிக்கே சாமானத் தூக்கிக்கினு போய்கினே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அந்த மனிதர் அத்தனை அக்கறையாகத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் அப்பா இறந்துபோனார். அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, அவர் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தாள், மாட்டத்தான் இடமில்லை. 'அரிசி டிரம்'மின் மேல் சாய்த்து வைத்தோம். உலை வைக்கும்போதெல்லாம் அப்பாவைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் அரிசி எடுக்க வேண்டும். அப்படி இறக்கியிருந்த ஒரு காலையில், பள்ளிக்கு ஓடிய அவசரத்தில் நான் மிதித்துவிட்டேன். அப்பாவின் நெற்றியிலிருந்து தாடை வரை கண்ணாடியில் விரிசல். அம்மா என்னை அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்காரரிடம் போய், "ஒரே ஒரு ஆணி சார்" என்று கெஞ்சினாள்.

"செத்துப்போனவருக்கு செவுரு இன்னாத்துக்குமா? மனசுல மாட்டி வெச்சிக்கோ" என்றார் அவர்.

அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி ஆவடியில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து எல்லாப் போர்ஷனையும் ஒரே மாதத்தில் காலி செய்யச் சொன்னார். பட்டணத்துக்காரர் ஒருவர் வாங்குகிறாராம். "குடியிருக்க இல்லமா, இன்வெஸ்ட்மென்ட்டு" என்று, நாங்களும் சந்தோஷப்பட வேண்டிய சேதிபோலச் சொன்னார்.

கடைசி நாள், சாமான்களை 'குட்டியானை' வண்டியில் ஏற்றி முடித்தபின், அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். அரைக் கிலோ கான்கிரீட் ஆணி! முதல் ஆணியில் அப்பாவை மாட்டி, ஒரு முழம் பூவும் போட்டாள். பிறகு அவள் கை நிற்கவில்லை. நான் ஆணி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நாலு சுவரிலும் அடித்துக்கொண்டே போனாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்துப் போர்ஷன் ஜமீலா அக்கா, "இன்னாக்கா, என்னை உட்டுட்டு அடிக்கிறே?" என்று அம்மிக்குழவியோடு வந்து சேர்ந்துகொண்டாள். காரை உதிர உதிர எனக்கு அப்படியொரு ஆனந்தம்.

வீட்டுக்காரர் லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். "இன்னாமா பண்றே?"

அதுவரை 'சார்' என்றே கூப்பிட்ட அம்மா, பல்லில் கடித்திருந்த ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உன் செவுரு தாங்குதான்னு பாக்குறேன். நல்லாத்தான்யா தாங்குது!" என்றாள்.

அவர் பின்னாலேயே வீட்டை வாங்குகிறவர் வந்து நின்றார். வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். வந்தவரோ சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விடுங்க, அடுத்த வாரம் இடிக்கத்தானே போறோம்" என்றார்.

அம்மா ஓங்கிய சுத்தியலைத் தாழ்த்தினாள். படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அந்தச் சுவரில் அப்பா இருந்தது ஒரு மணி நேரம்.

இன்று அங்கே நாலு மாடி நிற்கிறது. பாதி வீடுகள், விலை ஏறட்டும் என்று பூட்டியே கிடக்கின்றன. நானும் அம்மாவும் கோவில்பதாகையில் அதேமாதிரி ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் வெளிநாட்டில், முகம் பார்த்ததில்லை, ஆணி அடிக்கக் கூடாது என்று 'அக்ரிமென்ட்'டில் மட்டும் எழுதியிருக்கிறார். ஒட்டுக் கொக்கியில் தொங்கும் அப்பா, மழைக்காலம் வந்தால் பிடிவிட்டு விழுகிறார். திட்டித் தீர்க்க அன்று ஒரு மூஞ்சியாவது இருந்தது. சுத்தியல் சத்தம் கேட்டு ஓடிவர ஒரு ஆளாவது இருந்தான். இன்று அதுவும் இல்லை.

மீந்த ஆணிகளுக்குத் துருப்பிடிக்காமல் அம்மா இன்னும் தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறாள். போன வாரம், எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"இவனும் ஒரு நாள் காலி பண்ணச் சொல்லுவான்ல? அன்னிக்கு வீடியோ கால் போட்டுக் குடு. அவன் பாக்கப் பாக்க அடிக்கணும்."