சிவப்புத் துணிக்கு நிற்கும் கார்

என் அலுமாரியின் மேல்தட்டில், கூறைச் சேலைக்கு அடியில், ஒரு துண்டுச் சிவப்புத் துணி மடித்தபடி கிடக்கிறது. சிவப்பு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் பழைய செங்கல் நிறம் என்பார்கள். போன மாதம் மருமகள் அதை அடுப்படி துடைக்க எடுத்துப் போய்விட்டு, நான் போட்ட சத்தத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "இந்தக் கந்தலுக்கா மாமி இவ்வளவு கோபம்?" என்று அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாவம், அவளுக்கு எங்கள் மேட்ரனைத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டியில் ஒரு தர்ம சபை நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் நான் தாதி வேலை பழகினேன். டவுனில் இருந்தது தலை ஆஸ்பத்திரி. திகன, மடுல்கெல்ல என்று சுற்றுவட்டாரத்தில் அதன் கிளைகளாகச் சின்னச் சின்ன மருந்துச்சாலைகள். இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து வைத்திருந்தது கன்வஸ் கூரை போட்ட ஒரு கிழட்டுக் கார். வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பாதை. அதை ஓட்டியவர் திகனக்காரர், முஸ்லிம். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நானாதான், அவர்கள் பேச்சில் அண்ணன். பின் சீட்டில் மருந்துப் பெட்டியும் நானும், முன் சீட்டில் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து மேட்ரன். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சிரித்து நான் கண்டது குறைவு. அவர் ஏசினால் காய்ச்சல்காரன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசைக் குடியிருப்புகளில், யாருக்குச் சுகமில்லை என்று ரோட்டில் போகிற காருக்கு எப்படித் தெரியும்? மேட்ரன் ஒரு வழி செய்தார். நோயாளி இருக்கும் வீட்டார் ரோட்டோரக் கம்பத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டவேண்டும், கார் நிற்கும். எல்லா லயத்திலும் சொல்லியாயிற்று. வாரங்கள் போயின, ஒரு துணியும் காணோம். மேட்ரனுக்குச் சந்தோஷம். "சனம் சுகமா இருக்கினம் போல" என்றார். நானா ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, "இந்த ஊருல வெள்ளக் கொடி மய்யித்து வீட்டுலதான் ஏறும் மேட்ரன். உசுரோட இருக்கிற ஆளுக்கு எவன் கட்டுவான்?" என்றார். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆஸ்பத்திரித் துணி என்றால் வெள்ளைதானே என்று நானும் நினைத்திருந்தேன்.

அதற்குள் காரியம் கெட்டுவிட்டிருந்தது. மடுல்கெல்லத் தோட்டம் ஒன்றில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுடைய தலைப்பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி இழுப்பு வந்த காலையில் எங்கள் கார் அந்த லயத்துக்குக் கீழே போயிருக்கிறது. துணி கட்ட அக்கா ஓடியிருக்கிறாள். "உசுரோட கெடக்கிற புள்ளைக்கு வெள்ளக் கொடியா?" என்று மாமியார் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். மத்தியானம் நிஜமாகவே வெள்ளைத் துணி கட்டவேண்டியதாகிவிட்டது.

இதைக் கேட்ட அன்று மேட்ரன் யாரையும் ஏசவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் திகனக் கடைவீதியில் காரை நிறுத்தச் சொல்லி, நானாவின் மச்சானுடைய புடைவைக் கடையிலிருந்து ஒரு கட்டுச் சிவப்புத் துணியோடு வந்தார். நானும் அவரும் உட்கார்ந்து அதைத் துண்டு துண்டாகக் கீறினோம். வீட்டுக்கு ஒரு துண்டு என்று லயம் லயமாக ஏறி அவரே கொடுத்தார். "இது கட்டினால் கார் நிற்கும். நிற்கிற கார் உங்களை ஏத்தும். விளங்கிச்சோ?" என்பார். சிவப்பு அம்மனுக்கு உகந்த நிறம், ஒருவருக்கும் மறுப்பில்லை. அதன்பிறகு எங்கள் கார் வழிநெடுக நின்று நின்று போனது. தலைவலிக்குக்கூடக் கட்டினார்கள். மேட்ரன் இறங்கி, ஏசி, மருந்து கொடுத்துவிட்டு ஏறுவார்.

அக்கா மறுபடி உண்டானாள். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டுமே என்று அம்மா நேராத தெய்வமில்லை.

ஒரு பகல், ஆஸ்பத்திரி வாசலில் பளபளவென்று ஒரு பெரிய கார் வந்து நின்றது. தோட்டத்துத் துரையின் கார். முன்னால் துரை முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். பின்னால், தோல் சீட்டில் கம்பளி விரித்து, அக்கா துவண்டு கிடந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார். என் கையிலிருந்த தட்டு விழுந்தது.

நடந்தது இதுதான். பிள்ளை குறுக்கே கிடந்து அக்காவுக்கு வலி முற்றிவிட்டது. மாமியார் ஓடிப்போய்ச் சிவப்புத் துணியைக் கட்டியிருக்கிறாள். அன்றைக்கு எங்கள் கார் போகும் நாளே இல்லை. வளைவில் வந்தது துரை. சிவப்பு என்றால் அவருக்கு ரோட்டில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று அர்த்தம், டிரைவரைப் பிரேக் போடச் சொல்லிவிட்டார். நிற்கிற கார் ஏற்றும் என்றுதானே மேட்ரன் சொன்னது? லயத்துப் பொம்பளைகள் சேர்ந்து, கதவைத் திறந்து, அக்காவை உள்ளே கிடத்திவிட்டார்கள். "ஏய், இது தொரை காரு!" என்று டிரைவர் கத்தியதற்கு மாமியார், "யாரு காரா இருந்தா என்னய்யா, நின்னுருச்சுல்ல, ஓட்டு" என்றாளாம். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேட்ரன், "முதல்ல பிள்ளைத்தாய்ச்சியை இறக்கட்டும். ஏச்சைப் பேந்து கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனார். டாக்டரும் அவருமாகப் பிள்ளையைத் திருப்பி எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழ நேரமெடுத்தது, அழுதபோது நானும் சேர்ந்து அழுதேன்.

ஆனால் துரை மறக்கிற ஆளில்லை. அவர் சபையிலும் பெரிய மனிதர். அத்தான் குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டு விரட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வேலை போனால் லயத்து அறையும் போகும். பச்சைப் பிள்ளையோடு எங்கே போவார்கள்? சபை மேட்ரனைக் கூப்பிட்டது. பொம்பளைகள் புத்தியில்லாமல் செய்தது என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஒன்றும் வராது என்று பெரிய டாக்டரே காதில் போட்டார். நான் வெளி விறாந்தையில் நின்றேன். மேட்ரனின் குரல் கதவைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"அதுகள் நான் சொன்னபடிதான் செய்ததுகள். எங்கட துணிக்கு நிண்டது எங்கட கார். குற்றமெண்டால் என்னைக் கேளுங்கோ."

கேட்டார்கள். அத்தானின் வேலை தப்பியது. மேட்ரனை மாத்தளைக்கு அப்பால் ஒரு கிளை மருந்துச்சாலைக்கு மாற்றினார்கள். அங்கே மேட்ரன் என்று ஒரு பதவியே கிடையாது.

அவர் போன நாளில் நானும் அவருடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனேன். வழியில், மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு எதிரே, விளக்குக் கம்பத்தில் சிவப்புத் துணி. பஸ் டிரைவரும் அந்தத் துணியை அறிந்தவன்தான், நிறுத்தினான். மேட்ரன் மருந்துப் பையோடு விறுவிறுவென்று இறங்கினார். பிள்ளை பெற்றபின் எங்களோடு தங்கியிருந்த அக்கா, கம்பத்தடியில் கைப்பிள்ளையோடு நின்றாள்.

"ஆருக்குச் சுகமில்லை? பிள்ளைக்கோ?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா," என்றாள் அக்கா. "நீங்க போகக்கூடாதுன்னுதான் கட்டினேன்."

மேட்ரன் பிள்ளையை வாங்கி, வழக்கம்போல் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கொஞ்ச நேரம் தோளில் சாய்த்து வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே கம்பத்துத் துணியை அவிழ்த்து மடித்து என் கையில் வைத்தார். "உந்தத் துணியைச் சும்மா கட்டக்கூடாது பிள்ளை. பேந்து ஒருத்தரும் நிற்காயினம்" என்றார். பிறகு பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவேயில்லை.

இப்போது ஆஸ்பத்திரி வண்டி மணியடித்துக்கொண்டு வருகிறது; துணியும் வேண்டாம் கம்பமும் வேண்டாம். அந்தப் பெண் பிள்ளைக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் யாரும் இல்லாத சில மத்தியானங்களில் நான் இந்தத் துண்டை எடுத்துப் பிரித்து, வாசல் கேட்டில் ஒரு தரம் கட்டிப் பார்த்தால் என்ன என்று நினைப்பேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை ஒன்று இறங்கி வந்து, ஆருக்குச் சுகமில்லை என்று கேட்காதா?

சும்மா கட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். மடித்து வைத்துவிடுவேன்.