ஏன் என்று கேட்கக் கூடாத சன்னல்

டாலிவர் கவுண்டி நீதிமன்றத்துக்கு வரும் ஆண்கள் முதலில் வாசலோரப் புதரருகேதான் குனிவார்கள். உள்ளே கத்தி கொண்டுபோகக் கூடாது. சட்டைப்பையில் மடக்குக்கத்தி இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கியும் அவர்களுக்குப் பழக்கமில்லை. கத்தியைப் புதருக்குள் ஒளித்துவிட்டுப் போய், வழக்கு முடிந்ததும் எடுத்துக்கொள்வார்கள். நடீன் ப்ரூயிட்டின் சன்னலிலிருந்து அந்தப் புதர் நன்றாகத் தெரியும். யார் எந்தக் கிளைக்கடியில் வைக்கிறார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

நடீன் ஆவண அறை எழுத்தர். வண்டியை வேகமாக ஓட்டியவர்களும் வாடகைத் தகராறுக்காரர்களும் கீழ்த்தளத்தில் நிற்பார்கள். விவாகரத்தும் பெரிய குற்றங்களும் மாடியில். எங்கே தீர்ந்தாலும் காகிதம் அவளிடம் வந்துவிடும். சிறுவர் வழக்குகளும், பிறர் பார்க்கக் கூடாது என்று நீதிபதி மூடிவைத்தவையும் தவிர, மற்றதை யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். எதற்கு என்று அவள் கேட்கக் கூடாது. என்ன செய்யலாம் என்று யோசனை சொல்லவும் கூடாது. அழுதுகொண்டு வரும் பெண்களிடம், "நான் யோசனை சொல்லக் கூடாதும்மா. ஆனா அந்த மேசையில பச்சை விண்ணப்பத் தாள் இருக்கு பாரு, நிறையப் பேரு அதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க" என்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயத்து மீன் விருந்துக்கு அவளை அழைத்துப்போகிறவர் ஓரின் டாக்கெட். ஐம்பது வயதுவரை மாடுகளோடு மட்டுமே பேசிப் பழகியவர். ஒரு வெள்ளி மதியம் அவர் புதரருகே குனிவதைப் பார்த்ததும் தன்னைத்தான் தேடி வருகிறார் என்று நடீன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஓரினோ அவளைக் கண்டதும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மதியத்தில் வேறொருத்திதான் சன்னலில் இருப்பாள். அன்று அவளுக்குக் காய்ச்சல்.

தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும் என்றார். யாருடையது என்றாள். ப்ரூயிட்டுக்கும் ப்ரூயிட்டுக்கும் நடந்தது என்றார்.

அது அவளுடைய விவாகரத்து.

நடீனுக்குக் காது சூடேறியது. ஊரில் பாதிப்பேருடைய அந்தரங்கத்தை இதே கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். யாருக்காவது இப்படி வலித்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வழக்குக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "உக்காந்து பாருங்க, சார்" என்றாள்.

அந்த 'சார்' அவரைச் சுட்டது. நின்றபடியே புரட்டினார். நாலைந்து தாள்தான். இருவரும் இனிச் சேர்ந்து வாழ வழியில்லை என்று ஒரு வரி, நீதிபதியின் கையெழுத்து.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"கோர்ட் கேட்டது அவ்வளவுதான்." பிறகு, இந்தச் சன்னலில் உட்கார்ந்து அதுவரை கேட்டிராததைக் கேட்டாள். "ஏன் ஓரின்?"

அவர் தொப்பியைச் சுழற்றினார். "அந்த ஆளு என்ன பண்ணான்னு தெரிஞ்சா, அதை நான் பண்ணாம இருக்கலாமேன்னுதான். என் அக்கா சொன்னா, எல்லாம் அங்க எழுதியிருக்கும்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட கேக்க பயமா இருந்துச்சு."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் கோப்பை வாங்கிக்கொண்டாள். அவர் தலைகுனிந்து வெளியேறி, புதரைத் திரும்பிப் பாராமல் வண்டியை எடுத்துப் போனார்.

மாலை வரை அவள் கோபமாக இருக்க முயன்றாள். அவ்வப்போது சிரிப்பு வந்து கெடுத்தது. அலுவலகத்தைப் பூட்டியதும் புதருக்குள் கைவிட்டாள். மான்கொம்புப் பிடி போட்ட அவருடைய கத்தி அங்கேயே கிடந்தது.

தேவாலயக் கூடத்தில் அவர் தனியே ஒரு மூலையில், தட்டில் மீன் ஆறிப்போக உட்கார்ந்திருந்தார். அவள் கத்தியை அவர்முன் வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தாள்.

"நான் பேசும்போது அவன் டிவியைப் பார்ப்பான்" என்றாள். "அது ஒண்ணு. மத்ததும் சொல்றேன்."

ஓரின் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.