கஞ்சா டிப்பார்ட்மென்ட் மாப்பிள்ளை

"தம்பி, எந்த டிப்பார்ட்மென்ட்?"

போன ஞாயிறு மத்தியானம், லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டு ஹாலில், பாயாசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டவர் பரமேஸ் அண்ணை. கேட்கப்பட்டவர், அவருடைய மகள் ஆரணிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை சஞ்சீவன். கல்யாணத்துக்கு நாள் வைப்பதற்காக டொரன்டோவிலிருந்து தாய் தகப்பனோடு வந்து இறங்கியிருந்தார்.

"கஞ்சா, மாமா" என்றார் மாப்பிள்ளை.

சாதாரணமாகத்தான் சொன்னார். தபால், சுகாதாரம், நீர்ப்பாசனம் என்று சொல்வதைப் போல.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது பகிடி இல்லை. கனடாவில் கஞ்சா விற்பது இப்போது சட்டப்படியான வியாபாரம்... உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பி இருக்கிற மாகாணத்தில் கடைகளுக்கு மொத்தமாகச் சப்ளை செய்வதே அரசாங்கம்தான். அந்தச் சப்ளையில் அவர் மனேஜர். "போன வருசம் ப்ரமோஷனும் கிடைச்சது" என்று அவருடைய அம்மா பெருமையாகச் சொன்னார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, வடையை எடுத்துக் கடித்தார்.

நான் அந்த நேரம் எங்கே பார்த்தேன் என்கிறீர்கள்? தரையைத்தான். இந்தச் சம்பந்தத்தை விசாரித்துச் சொன்னதே நான்தானே!

எங்கள் ஆட்களிடம் 'விசாரிக்கிறது' என்று ஒரு வேலை இருக்கிறது. சாதகம் பொருந்தினாலும், பெடியனும் பெட்டையும் மாதக்கணக்கில் போனில் கதைத்துச் சிரித்தாலும், யாராவது ஒருவர் மறைமுகமாக விசாரித்துச் சொன்னால்தான் பெற்றவர்களுக்கு நித்திரை வரும். ஆரணியின் அம்மா சறோ அக்கா, பழகின உரிமையில், இந்த வேலையை என்னிடம் சொன்னார். நான் டொரன்டோவில் இருக்கும் என் மச்சாளுக்குப் போன் போட்டேன். மச்சாள் இரண்டே நாளில் தகவல் தந்தாள்.

"அருமையான பெடியன். குடிக்கிறேல்லை, சிகரெட் பத்துறேல்லை. கவண்மென்ட் வேலை. பென்ஷன் இருக்கு."

கவண்மென்ட் வேலை... பென்ஷன்... இந்த இரண்டு சொற்களையும் கேட்ட பிறகு ஒரு யாழ்ப்பாணத்துக் காது வேறு எதையாவது கேட்குமா? நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சறோ அக்காவும் கேட்கவில்லை. பரமேஸ் அண்ணை தன் கடைக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் சொக்லேட் கொடுத்தார். மாப்பிள்ளை எந்த இலாகா என்று கேட்க, பாயாசம் வரும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று பிற்பகலே விருந்து கலைந்துவிட்டது. நாள் வைக்கவில்லை. சஞ்சீவன் குடும்பம் ஈஸ்ட் ஹாமில் தங்கியிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை அவர்களுக்குத் திரும்பும் பிளைட்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனேன். நான் இப்படி என்றால், ஊர் சும்மா இருக்குமா? ஸ்ட்ரெதமில் நடந்தது மாலைக்குள் ஈஸ்ட் ஹாம் நகைக்கடை வரைக்கும் போய்விட்டது. என் போன் ஓயவில்லை.

"கஞ்சா விக்கிறவனுக்கோ பொம்பிளை குடுக்கப் போயினம்?" — இது ஒருவர்.

"அங்க லீகல் எண்டா லீகல்தானே. இஞ்சையும் வரத்தான் போகுது. பிறகென்ன?" — இது இன்னொருவர். அவர் மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வந்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

எங்கள் தெருவில் மதுரைக்கார டாக்டர் ஒருவர் இருக்கிறார். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது அவரிடம் கேட்டேன். "சட்டப்படி தப்பில்ல மேடம். ஆனா எங்க வீட்டுல சொன்னா என்னை உள்ளயே விடமாட்டாங்க" என்று சிரித்தார். இந்த வாரம் நான் கேட்ட கருத்துகளில் நேர்மையானது இதுதான்.

எனக்கு என்ன கருத்து? கேட்காதீர்கள்... அதுதான் பிரச்சினையே. போன கோடையில் டொரன்டோ ஸ்காபரோவில் அப்படி ஒரு கடையைப் பார்த்தேன். புடவைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில், கண்ணாடி போட்டு, வெள்ளை லைட் போட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை மாதிரி இருந்தது. உள்ளே திருநீறு பூசிய ஒரு ஐயா வரிசையில் நின்றார். முழங்கால் நோவுக்காம். அடையாள அட்டையைக் காட்டி, பில்லையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இங்கே? இங்கே அது குற்றம். ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து என் வீட்டுக்கு வருவதற்குள் அந்த மணம் எத்தனை தரம் மூக்கில் அடிக்கிறது! தடை செய்த ஊரில் தெருவெல்லாம் மணக்கிறது, அனுமதித்த ஊரில் பில் போட்டுக் கொடுக்கிறார்கள். எது ஒழுங்கு, எது ஒழுங்கில்லை? எனக்குத் தலை சுற்றுகிறது.

புதன்கிழமை ஆரணி எனக்குப் போன் எடுத்தாள். குரோய்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறாள்.

"பிள்ளை, உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் ஆன்ட்டி. ஃபர்ஸ்ட் கோல்லயே சொன்னவர். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. பென்ஷன் எண்டதோட எல்லாரும் ஹப்பியா எழும்பிப் போட்டியள்."

மச்சாளை மனதுக்குள் திட்டினேன். பிறகு கேட்டேன், "நீ ஒரு டொக்டர். அது நல்லதெண்டோ சொல்லுறாய்?"

"இல்லை ஆன்ட்டி. அதால மண்டை குழம்பி வாற பெடியளையும் வார்டில பாக்கிறன். வொட்காவால ஈரல் போய் வாற அங்கிள்மாரையும் பாக்கிறன். ஐ டோன்ட் லைக் எனி ஒஃப் இட். ஆனா சஞ்சீவ் கள்ளக் கடத்தல் செய்யேல்லையே. அப்பா ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து என்னோட கதைக்கிறேல்லை. சனிக்கிழமைக்கு முதல் அவைக்கு ஒரு பதில் சொல்ல வேணும்."

"அப்பா மாட்டன் எண்டா?"

"நான் போவன் ஆன்ட்டி. ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டுப் போவன். ஆனா அப்பிடிப் போக எனக்கு விருப்பமில்லை. எங்கட வீட்டில ஏற்கெனவே ஒராள் அப்பிடிப் போயிட்டுது."

அந்த ஒராள், அவளுடைய தமையன் குகன். சபையில் நாங்கள் எடுக்காத பெயர். சில வருஷங்களுக்கு முன், யூனிவர்சிட்டியில் படிக்கும்போது, ஸ்டேஷன் வாசலில் பொலிஸ் மறித்துச் சோதித்தது. சட்டைப் பைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கஞ்சா. பொலிஸ் எச்சரித்துவிட்டு அனுப்பிவிட்டது. அப்பா அப்படி விடவில்லை... வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். 'இனி எனக்கு மகன் இல்லை' என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். குகன் லீட்ஸுக்குப் போனான், ஒரு வேலை தேடிக்கொண்டான், அங்கேயே இருந்துவிட்டான். அம்மா கதைப்பார். அப்பா கதைப்பதில்லை.

சொன்னால் நம்புவீர்களா... இந்த இரண்டையும் நான் அதுவரை ஒன்றாக வைத்துப் பார்க்கவே இல்லை. ஒரே இலை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்கு ப்ரமோஷன், இந்தப் பக்கம் இன்னொரு பிள்ளைக்கு வீடு இல்லை!

வியாழக்கிழமை காலை பொறுக்கமுடியாமல் பரமேஸ் அண்ணையின் கடைக்குப் போனேன். ஒஃப் லைசன்ஸ் கடை, அதாவது வாங்கிக்கொண்டுபோய்க் குடிக்கிற மதுக்கடை. அவருக்குப் பின்னால் சுவர் நிறைய விஸ்கியும் வொட்காவும். முன்னால் சொக்லேட்டும் சூயிங்கமும். அவர் கவுன்டரில் நின்று விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சறோ அனுப்பினவவோ?" என்றார், நிமிராமல்.

"இல்லை அண்ணை. நானாத்தான் வந்தனான். அவை சனிக்கிழமை போயினம்."

"போகட்டும். போதை விக்கிறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கேலாது."

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் உள்ளே வந்தான். சுருட்டுகிற பேப்பர் கேட்டான். சின்னதா நீட்டா என்று அண்ணை கேட்டார். நீட்டு என்றான். எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு போத்தல் வொட்கா. வயதுக்கு அடையாள அட்டையைக் கேட்டு, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கொடுத்தார். அதில் அவர் பிசகுவதில்லை.

பெடியன் போனதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, அந்த நீட்டுப் பேப்பர் எதுக்கு?"

"புகையிலைக்கு."

"அவ்வளவு நீளத்துக்கோ?"

அவர் விலைச் சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம்தான். "நான் கவுன்சில்ல லைசன்ஸ் எடுத்து விக்கிறன். வரி கட்டுறன். பதினெட்டுக்குக் கீழ ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை."

"சஞ்சீவனும் அதைத்தானே அண்ணை சொல்லுறார்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அடுத்த கணமே தோன்றியது. இந்தக் கடையில்தான் அந்த மனிதன் மழை பனி பாராமல் நின்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். அவர் திரும்பி ஏதோ போத்தல்களை நேராக்கினார். நேராகத்தான் இருந்தன.

அப்போது பின்கதவால் சறோ அக்கா வந்தார், மத்தியானச் சாப்பாட்டோடு. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். சாப்பாட்டுப் பெட்டியைக் கவுன்டரில் வைத்தார்.

பரமேஸ் அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கதைத்தார். "அந்தத் தம்பியில எனக்கு ஒரு பிழையும் தெரியேல்லை. நல்ல பெடியன். எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும் எண்டும் எனக்குக் கவலையில்லை."

"அப்ப என்ன?" என்றார் அக்கா.

"ஆர் தோழன் நிக்கிறது?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் அவருடைய காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவது அவன். ஆரணிக்கு இருக்கிறது ஒரே ஒரு சகோதரன்.

"கஞ்சாவோட பிடிபட்டவன் எண்டு வீட்டை விட்டுக் கலைச்ச பிள்ளையை..." என்று தொடங்கினார். கையிலிருந்த போத்தலைத் தட்டில் வைத்தார். மறுபடி தொடங்கினார். "அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, கஞ்சா விக்கிறவற்ற காலைக் கழுவு எண்டு நான் எந்த முகத்தோட சொல்லுறது? இதில ஒரு பிழையும் இல்லை எண்டால், நான் அவனுக்குச் செய்தது என்ன?"

சட்டம் வேறு, நாடு வேறு, காலம் வேறு என்று நாலு சமாதானம் வாய்க்குள் வந்தன. சஞ்சீவனை மறுத்துவிட்டால் மகனை அனுப்பியது சரி என்றாகிவிடும். அதற்காகத்தான் இந்த மனிதன் நாலு நாளாக மகளோடும் கதைக்காமல் திரிந்திருக்கிறார். ஒரு பிள்ளைக்குச் செய்ததைச் சரி என்று காட்ட, மற்றப் பிள்ளையையும் இழக்கப் பார்த்திருக்கிறார். பாவம் என்று நினைத்தேன். அதே நேரம், பிடித்து உலுப்பவேண்டும் போலவும் இருந்தது.

சறோ அக்கா அழவில்லை, கத்தவில்லை. தன் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார்.

"காலைக் கழுவுறது பிறகு. இப்ப எடுத்து, சாப்பிட்டியோ எண்டு கேளுங்கோ."

"அவன் வேலையில நிப்பான்."

"இண்டைக்கு அவனுக்கு லீவு."

ஒரு பட்டனைத் தட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மணி அடித்தது. அண்ணை அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, சொல்லுங்கோ" என்றது குகனின் குரல்.

"அம்மா இல்லையடா" என்றார் பரமேஸ் அண்ணை.

பதறிப்போய் அந்தப் பிள்ளை கேட்டான்:

"அப்பாவோ? ஏன் அப்பா... அம்மாவுக்கு என்ன நடந்தது?"

அப்பா போன் எடுத்தால் ஒரு சாவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான். பரமேஸ் அண்ணை ஒரு கையால் கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையால் போனை முகத்துக்குக் கிட்ட எடுத்தார்.

எனக்கு அங்கே வேலை இல்லை. வெளியே வந்தேன். வரும்போது கதவில் தொங்கிய 'ஓப்பன்' அட்டையைத் திருப்பி, 'குளோஸ்ட்' என்று வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்ட்ரெதம் அரை மணி நேரம் குடிக்காமல் இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும்?