பக்கத்து ஊட்டு டிபி

டிபி வந்தவங்களப் பாத்து யாராச்சும் பொறாமைப்படுவாங்களா? நான் பட்டேன். வயிறெரிஞ்சு பட்டேன்.

கும்மிடிப்பூண்டில எங்க ஊட்டுக்காரரும் பக்கத்து போர்ஷன்காரி புருஷனும் ஒரே இரும்பு கம்பெனி. உலைக்கு உள்ள பூசியிருக்கிற கல்லுப்பொடிக் கலவை தேஞ்சுபோனா, அத ஒடைச்சு எடுக்கிற வேலை. தூசின்னா அப்டியொரு தூசி. மூக்குல துணி கட்டுய்யான்னா கேக்க மாட்டார். ஷிஃப்ட் முடிஞ்சதும் ரெண்டு பேரும் வாயில வெல்லத்தைப் போட்டுக்குவாங்க. தூசியெல்லாம் வெல்லத்தோட வயித்துக்கு எறங்கிடுமாம். அங்க எல்லாரும் அப்டித்தான்.

ரெண்டு பேருக்கும் ஒண்ணாதான் இருமல் ஆரம்பிச்சுது. எக்ஸ்ரேவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. டிபின்னு மாத்திரை குடுத்தாங்க. அவ புருஷன் தேறிக்கினே வந்தாரு. எங்க ஊட்டுக்காரருக்குப் படி ஏறவே பேஜாரு. அப்புறம்தான் டிபிதானான்னு பாக்க பெரியாஸ்பத்திரில டியூப் உட்டு, நுரையீரல்லேர்ந்து ஒரு துணுக்கு எடுத்தாங்க. சாமி, டிபியாவே இருக்கட்டும்னு வேண்டிக்கினேன்.

டாக்டரம்மா அந்தத் துணுக்கோட படத்தைக் கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. வெங்காயத்தைக் குறுக்க வெட்டுனா மாதிரி வளையம் வளையமா தழும்பு. நடுவுல மினுமினுன்னு பொடி.

"இது கிருமி இல்லம்மா, கல்லுத்தூசி. வெல்லம் வயித்துக்குப் போவும். தூசி மூச்சுக்குழாய்ல போய் நுரையீரல்ல தங்கிடும்."

"மாத்திரை போட்டா போயிடும்ல மேடம்?"

"மூச்சுத் திணறலுக்குக் குடுக்கறேன். தழும்பு போவாது."

இன்னா அநியாயம் இது! ஒரே உலை, ஒரே தூசி. அவளுக்கு மட்டும் மாத்திரைல போற நோவா?

அந்தத் துணுக்கப் பாத்த பிறகுதான் டாக்டருங்க கம்பெனிக்கு எழுதுனாங்க. அந்த செக்‌ஷன்ல எல்லாருக்கும் செக்கப். நல்ல மாஸ்க். தண்ணி அடிச்சு நனைச்சுட்டுதான் இப்ப ஒடைக்கிறாங்க. அவ புருஷன கேட் வாட்ச்மேன் வேலைக்கு மாத்திட்டாங்க. எம்புருஷன் நெஞ்சுல எடுத்த சதையால ஊரெல்லாம் பொழைச்சுக்கினு இருக்குது.

அவ புருஷனுக்கு மாத்திரை கோர்ஸ் முடிஞ்ச அன்னிக்கு ரெண்டு பேரும் ஸ்வீட்டோட வந்தாங்க. "எல்லாம் அண்ணன் புண்ணியம்க்கா"ன்னு அவ என் கையப் புடிச்சுக்கினு அழுதா. எம்புருஷன் கட்டில்ல ஒக்காந்தபடி சிரிச்சாரு. "கேட்லயும் மாஸ்க் போடுறியாடா?"ன்னு கேக்கறதுக்குள்ள நாலு தடவை மூச்சு வாங்குனாரு.

"போடறேண்ணே"ன்னு அந்தாளு ஒரே மூச்சுல சொன்னாரு.

அந்த மூச்சுல பாதிய இவருக்குக் குடேன்னு கேக்க வாய் துடிச்சுது. காபி போடறேன்னு உள்ள போயிட்டேன்.